செங்கோடன் வரைந்த ஏரி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கடைவீதி வியாபாரிகள் சங்கத் தலைவர் காளியப்பன் அவர்களே, சேலத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் இந்த மழையில் மலையேறி வந்திருக்கும் புகைப்படக் கலைஞர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்து நடந்து வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, யார் சொல்லியும் முன்னால் வந்து உட்கார மறுத்துக் கதவோரமாகவே உட்கார்ந்திருக்கும் அத்தாயி அம்மா அவர்களே! உங்கள் எல்லாருக்கும் ஸ்டுடியோ சின்னையனின் வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. "கொஞ்சம் சிரிங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க, மூச்சுப் பிடிங்க", இதற்கு மேல் பத்துப் பேருக்கு முன்னால் நான் பேசியதில்லை. தகரக் கூரையில் மழை வேறு இரைகிறது. கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள், இன்னும் சத்தமாகப் பேசுகிறேன். கத்துவதற்கு எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவருக்குத்தான் இன்று இந்தக் கூட்டம்.

ஓவியர் செங்கோடன்! இந்தப் பெயரைச் சொன்னால் மலையில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாது. ஆனால் அவர் வரைந்த ஏரியைத் தெரியாதவர் இந்த மண்டபத்தில் யாராவது உண்டா? உங்கள் வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறதே, அதில் உங்களுக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறதே, இரண்டு பக்கமும் பாறை, பாறைக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்கள், அந்த மரமும் பாறையும் தண்ணீரில் தலைகீழாகத் தெரிகின்றனவே, அதுதான் ஐயா செங்கோடன்! நிஜ ஏரி கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கள் ஸ்டுடியோவுக்குள் வந்து துணியில் வரைந்த ஏரிக்கு முன்னால் நின்றீர்கள். ஏன் நின்றீர்கள்? நிஜ ஏரியில் பாதி நாள் மூடுபனி. மீதி நாள் காற்று. மரம் தண்ணீரில் தெரியும்படி அது ஒரு நாளாவது சும்மா இருந்ததா? செங்கோடனுடைய ஏரி மட்டும்தான் நீங்கள் வருகிறவரைக்கும் அலையாமல் காத்திருந்தது.

அவர் ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில்தான் இருந்தார். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து நெஞ்சில் சளி. "சேலம் போய் டாக்டரைப் பாருய்யா" என்று தினமும் சொன்னேன். "மழை உடட்டுமுங்கண்ணா" என்பார். போன வாரம் ஒரு காலையில் டீ வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. "டீ ஆறிப் போகுது, எந்திரிய்யா" என்று வழக்கம்போலத் திட்டினேன். நான் திட்டினால் பதில் பேசாத ஆள் இல்லை அவர். அன்றைக்குப் பேசவில்லை. கதவை இடித்துத் திறந்தேன், தூக்கத்திலேயே போயிருந்தார்.

அவருடைய மனைவி அத்தாயி அம்மா சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். ஆள் அனுப்பினோம். பாதையில் மண் சரிந்து ஜீப் போகவில்லை. அந்த அம்மா மழையில் நடந்தே வந்தார். வந்து சேர்ந்தபோது நாங்கள் மயானத்திலிருந்து திரும்பி, கால் கழுவிக்கொண்டிருந்தோம். என்ன சொல்வது? எதைச் சொல்லி ஆற்றுவது? சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு என் முன்னால் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"மொகத்தப் பாக்கலீங்கண்ணா. நீங்க ஸ்டுடியோ வெச்சிருக்கறீங்க. அவரு படம் ஒண்ணு குடுங்க, பாத்துக்கறேன்."

என்னிடம் கேட்டார்! இந்த மலையில் யார் முகத்தைக் கேட்டாலும் நெகடிவ் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுக்கிற என்னிடம் கேட்டார்! என்னிடம் இல்லை, பெரியோர்களே. செங்கோடன் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. எங்கள் இருவரையும் ஒரே கூரை மூடியிருந்தது, நடுவில் மூன்று கால் வைத்த கேமரா நின்றது, இருந்தும் அவர் முகம் ஒரு பிலிமில்கூட விழவில்லை. இன்றைக்குப் படத்திறப்பு என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. எந்தப் படத்தைத் திறப்பது? அதைவிட, அந்த அம்மாவுக்கு எதைக் கொடுப்பது? இந்த ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் எடுக்க முயலவில்லை என்று நினைக்காதீர்கள். அவர் படத்துக்கு நிற்க மாட்டார். கேட்டால் ஒரு நாள் "சவரம் பண்ணலீங்க" என்பார். சவரம் பண்ணின நாளில் "சட்டை அழுக்குங்க" என்பார். தீபாவளிக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்து நில்லுங்கள் என்றேன். "ஆளைப் பாத்தா படம் கெட்டுப் போயிருமுங்க" என்று சிரித்துக்கொண்டே நழுவினார். ஏமாற்றி எடுக்கலாம் என்று பார்த்தேன். வெளிச்சம் திருப்புவதற்காகக் கையில் ஒரு வெள்ளைத் துணிச் சட்டம் பிடித்திருப்பாரே, அதைச் சட்டென்று முகத்துக்கு நேராகத் தூக்கிவிடுவார். என்ன பிடிவாதம்! என்ன பிடிவாதம்!

அந்தக் கை வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பூசிக் காய வைப்பார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பச்சையும் நீலமும் எதற்கு? விளக்குக் கரியும் சுண்ணாம்பு வெள்ளையும்தான் அவருடைய வர்ணம். அந்த இரண்டிலிருந்தே பாறைக்கு ஒரு சாம்பல், மரப்பட்டைக்கு ஒரு சாம்பல், தண்ணீருக்கு ஒரு சாம்பல் கொண்டுவந்துவிடுவார். கரையும் பாறையும் மரமும் வரைந்து முடித்ததும் துணியைக் கழற்றித் தலைகீழாகத் தொங்கவிடுவார். தண்ணீர் வர வேண்டிய பாதி இப்போது மேலே வந்துவிடும். அதில் அதே பாறையை, அதே மரத்தை, நேராக நிற்கிற மாதிரி இன்னொரு முறை வரைவார். ஒரு நூல் கறுப்பு அதிகமாக. ஏனென்று கேட்டால், "தண்ணிக்குள்ள போன எதுவும் கொஞ்சம் கறுத்துத்தானுங்க தெரியும்" என்பார். பிறகு அகலத் தூரிகையை ஈரத்தில் தோய்த்துக் குறுக்கே மெல்ல இழுப்பார். கோடுகள் கலங்கும். துணியைத் திருப்பி மாட்டினால் ஏரி! சத்தியமாகச் சொல்கிறேன், முதல்முறை பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனேன்.

அவர் கடைசியாக வரைந்த பெரிய திரைதான் நீங்கள் எல்லாரும் அறிந்தது. அதை அவர் வரைந்தபோது நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்க்கிறேன், கரையில் யாரும் இல்லை. ஆனால் தண்ணீரில் இரண்டு பேர் நிழல்! ஓர் ஆண், ஒரு பெண். எனக்கு வந்ததே கோபம்! "யோவ், யாருய்யா இது? கரையில ஆளே இல்லாம நிழல் எங்கிருந்து வந்துச்சு? இது ஸ்டுடியோவா, பேய் வீடா?" என்று கடைவீதிக்கே கேட்கும்படி கத்தினேன். காளியப்பன் ஐயா தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தாரே, நினைவிருக்கிறதா? செங்கோடன் தூரிகையைக் கழுவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"நிக்கறவங்களுதுங்கண்ணா. ஆளு வந்து நின்னாச் செரியாப் போயிருமுங்க."

சரியாகத்தான் போனது! சீசனுக்கு மலையேறி வந்த புதுமணத் தம்பதிகள் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு வேறெங்கும் நிற்க மாட்டோம் என்றார்கள். கரையில் இருவர், காலடியில் தண்ணீரில் இருவர். சேலத்துக்காரர்கள் ஊருக்குப் போய்ச் சொல்ல, அடுத்த பஸ்ஸில் அவர்களுடைய மச்சான் மச்சினி வந்து இறங்கினார்கள். தண்ணீரில் தெரிகிற சேலைக் கட்டு வேறு, கரையில் நிற்கிற பெண்ணின் சேலைக் கட்டு வேறு. யார் பார்த்தார்கள்? புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் அதையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

ஆனால் ஒரு வில்லங்கமும் வந்தது. சிரிக்கலாம், தப்பில்லை, செங்கோடனும் சிரித்ததுதான். காட்டிலாகா கார்டு ஒருவர் ஒருநாள் தனியாக வந்து அந்தத் திரைக்கு முன்னால் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொண்டு ஆத்தூருக்கு அனுப்பிவைத்தார். மறு வாரமே அவர் வீட்டம்மா இடுப்பில் குழந்தையோடு ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு பக்கத்துல நின்னவளை வெட்டிட்டீங்க, தண்ணியில வெட்ட மறந்துட்டீங்களே! எவ அவ? ஏற்காட்டுல எந்தத் தெரு?" நான் டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். செங்கோடன்தான் அந்த அம்மாவைத் திரைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். "அது நீங்கதானுங்க. நீங்க வராததால அந்த எடம் சும்மா கெடந்துச்சு. வந்து நில்லுங்க" என்று சொல்லி, கார்டையும் ஆள் விட்டு வரவழைத்து, இரண்டு பேரையும் நிற்க வைத்தார். குழந்தை செங்கோடன் கையில். அந்தப் படத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை வேறு. சண்டையோடு வந்த அம்மா வெட்கத்தோடு போனார்.

எஸ்டேட் தோழர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் உங்கள் லயனில் பிறந்தவர். வேலை முடித்துக் குளித்துக் கிளம்பிக் கடைவீதிக்கு வருவதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்காகப் பழைய திரை இருந்த காலத்திலிருந்தே சம்பள ஞாயிறுகளில் திரையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குள் நடந்தாரே, வேறு யார் நடப்பார்? மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றித் திரைக்குப் போர்த்துவார். சுமந்து சுமந்து அவருடைய ஒரு தோள் இறங்கிவிட்டது. உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்கிற படம், உங்கள் பெண்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற படம், எல்லாவற்றுக்கும் அந்த ஏரி உங்கள் வாசலுக்கே வந்தது.

இப்படி எல்லாரையும் சேர்த்து நிற்க வைத்த மனிதர் தான் மட்டும் தனியாக இருந்தார். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பேசியது அத்தனையும் வெறும் புகழ்ச்சி. அத்தாயி அம்மா, உங்கள் அண்ணன் பெரியண்ணன் அவர்களும் இங்கே இருக்கிறார், நீங்கள் இருவரும் அனுமதி கொடுத்த பிறகுதான் இதைப் பேசுகிறேன்.

அவர் எஸ்டேட் வேலைக்காரர் மகன். இவர் மலை விவசாயி மகள். விருப்பப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள், இரண்டு வீட்டாரும் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் இவருடைய அப்பா படுத்த படுக்கையானார். காட்டையும் பழத்தோட்டத்தையும் பார்க்க ஆள் வேண்டும் என்று இவர் ஊருக்குப் போனார். "நீங்களும் வந்துருங்க" என்றார். "எம் பொழப்பு கடைவீதியில இருக்குது, அங்க வந்து நான் எதை வரையறது? காரியம் முடிஞ்சதும் நீ வந்துரு" என்றார் அவர். சண்டை இல்லை. அடிதடி இல்லை. பஞ்சாயத்து இல்லை. இவர் வருவார் என்று அவர் இருந்தார். அவர் வருவார் என்று இவர் இருந்தார். நடுவில் இருந்தது எவ்வளவு தூரம் தெரியுமா? காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்விடலாம். அந்தத் தூரத்தை நடக்காமலே இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் கூடாரம் போட்டுப் படம் எடுப்போம். இந்த அம்மா தன் ஊர்ப் பெண்களோடு கூடாரத்தைத் தாண்டிப் போவார். செங்கோடன் வெளியே வந்து நிற்பார். "போய்க் கூப்பிடுய்யா" என்று நான் முதுகில் குத்துவேன். "அவளுக்குக் கண்ணில்லையாங்க? இங்கதான நிக்கறேன்" என்பார். இந்த வாரம்தான் அத்தாயி அம்மாவிடம் கேட்டேன், பார்த்தீர்களா என்று. "பாத்தனுங்க. அவருக்கு வாயில்லையாங்க?" என்றார். நான் யாரைத் திட்டுவது? ஒருவர் போய்விட்டார், இன்னொருவர் அழுதுகொண்டிருக்கிறார்.

இன்னும் ஒன்று கேளுங்கள். பெரியண்ணன் அவர்களுடைய மகன் கல்யாணத்துக்கு எங்களைத்தான் கூப்பிட்டார்கள். நாங்கள் திரையைக் கொண்டுபோய் வீட்டு வாசலை மறைத்துக் கட்டினோம், அங்கேதான் வெளிச்சம் சரியாக விழுந்தது. மாப்பிள்ளை, பெண், பங்காளிகள் எல்லாரும் வந்து நின்றார்கள். "அத்தாயி எங்க? அத்தாயியைக் கூப்புடுங்க" என்று பெரியண்ணன் சத்தம் போட்டார். செங்கோடன் வெள்ளைத் துணியைப் பிடித்தபடி நின்றார். அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியதில் வெளிச்சம் விலகியது, "ஒழுங்காப் பிடிய்யா" என்று நான் அதட்டினேன். அத்தாயி அம்மா வரவில்லை. எங்கே இருந்தார் தெரியுமா? வாசலுக்கு உள்ளே, அந்தத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தார். வெயிலில் துணியின் மேல் விழுந்த ஆள் நிழல்களையும் துணியின் வெறும் முதுகையும்தான் அவர் பார்த்திருக்கிறார். முன்பக்கம் என்ன வரைந்திருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

சீசன் முடிந்து மழை பிடித்தால் கடைவீதியில் காக்கா குருவி இருக்காது. ஸ்டுடியோவில் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் பழைய நெகடிவ்களைத் துடைப்பேன். அவர் திரையின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். தண்ணீர் மேல் எங்காவது பூசணம் படர்ந்தால் ரொட்டித் துண்டால் ஒற்றி எடுப்பார். "அதுல என்னய்யா இருக்கு, தினமும் பாக்கற?" என்பேன். "சும்மாதானுங்க" என்பார். இந்த ஒரு வாரமாக அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கத்துவதற்கு எனக்கு ஆள் இல்லை. இவ்வளவு அமைதியான ஸ்டுடியோவில் என்னால் இருக்க முடியவில்லை, ஐயா.

படம் தேடிய கதைக்கு வருகிறேன். நெகடிவ் பெட்டிகளை எல்லாம் கவிழ்த்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய கை இருக்கிறது. இன்னொன்றில் செருப்புக் கால். முகம் இல்லை. முந்தாநாள் அத்தாயி அம்மாவை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன், "இல்லையம்மா" என்று நேரில் சொல்லிவிடலாம் என்று. வந்தார். அந்த அம்மா ஸ்டுடியோவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

பிறகு குனிந்தார். கழுத்தைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்தார். "ஏனுங்கண்ணா" என்றார். "இது எங்க ஊர்க் கட்டுங்க. தோளுல முடிச்சுப் போட்டுச் சேலை கட்டிருக்குது பாருங்க. இது நானுங்க. இந்தப் பக்கம் ஒரு தோளு எறங்கி நிக்கறது ஆருங்க?"

கேட்டீர்களா? எத்தனை தம்பதிகளை அந்தக் கரையில் நிற்க வைத்திருப்பேன்! எத்தனை முறை திரையைக் கட்டி அவிழ்த்திருப்பேன்! எனக்குத் தெரியாதது வந்த நிமிஷத்தில் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் முகம்? கிட்டே போனால் வெறும் கோடு. குறுக்கே தூரிகை இழுத்துக் கலங்கிப்போன சாம்பல். "மொகந் தெரியலீங்களே" என்று அந்த அம்மா தண்ணீரின் மேல் கையை வைத்துத் தடவினார்.

எனக்கு ஒன்று தோன்றியது. எங்களுடைய பழைய மரப்பெட்டிக் கேமரா இருக்கிறதே, கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பின்னால் இருக்கிற கண்ணாடியில் பார்ப்போமே, அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். உங்களை எல்லாம் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், தலை கீழே, கால் மேலே. நிற்பவர்களின் கண்ணும் கழுத்தும் சரியாக இருக்கிறதா என்றுதான் அதில் பார்ப்பேன். தண்ணீரை எதற்குப் பார்க்கப் போகிறேன்? அந்தக் கேமராவை நிறுத்தினேன். கரையில் யாரும் இல்லாமல் தண்ணீரை மட்டும் பிடித்தேன். துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன்.

ஐயோ! நேராக நின்றார்கள், ஐயா, இரண்டு பேரும்! தண்ணீருக்குள் கிடந்த மரமும் பாறையும் நிமிர்ந்துகொள்ள, நடுவில் அவர்கள் நேராக நின்றார்கள். பெரிதாகப் பார்த்தால் கோடாக இருந்தது அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஒடுங்கி முகமாகிவிட்டது. என் செங்கோடனுடைய முகம்! நான் நழுவவிட்ட அதே முகம். சவரம் பண்ணியிருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். கறுப்புத் துணிக்குள்ளேயே நான் அழுதேன், வெளியே வர முடியவில்லை. பிறகு அத்தாயி அம்மாவின் தலையில் துணியைப் போர்த்தி அவரைப் பார்க்க விட்டேன். அவர் உள்ளே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் இருவருக்கும்.

அந்தப் படத்தைத்தான் எடுத்துக் கழுவி, அதே அளவில் அச்சாக்கி, சட்டம் போட்டு, இதோ இந்தத் துணிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்த அம்மா கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். முடியவில்லை. இன்று காலை தலைவர் காளியப்பன் அவர்கள் வந்து பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார். "படத்தைத் திறந்தா மாலை போடணும், வெளக்கேத்தணும். அந்தம்மா உசிரோட இருக்கறாங்க. உசிரோட இருக்கறவங்க படத்துக்கு எப்படிங்க மாலை போடறது? அந்தப் பாதியை வெட்டிருங்க, சின்னையா." அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஊர் வழக்கம் அதுதான். பயந்தும் சொன்னார், பிரியத்திலும் சொன்னார். நானும் கத்தரியை எடுத்துவிட்டேன்.

அத்தாயி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு ஏனுங்கண்ணா படமே எடுத்துக்கல?" என்று கேட்டார். தெரியாது அம்மா என்றேன். "எனக்குத் தெரியுமுங்க. கண்ணாலமான புதுசுல, ஸ்டுடியோவுல சேந்திருக்கறேன், வா, ரெண்டு பேரும் நின்னு ஒண்ணு எடுத்துக்கலாம்னு கூப்புட்டாரு. எனக்கு நொம்ப வெக்கமுங்க. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு நான்தான் தள்ளிப் போட்டேன். 'நீ வராம நான் ஒத்தையாப் போய் நிக்க மாட்டேன்'னு சொன்னாரு. சொன்ன சொல்லுல நின்னுட்டாருங்க. இத்தனை வருசம் நிக்காத மனுசன இப்ப என்னைய வெட்டிப் போட்டுட்டு ஒத்தையா நிக்க வெக்கறீங்களா? மாலை போட்டாலுஞ் செரி, போடாட்டியுஞ் செரி. வெட்டாதீங்கண்ணா."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். காளியப்பன் ஐயாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரியோர்களே, அன்னாருடைய பணியைத் தொடர்வோம் என்று மேடையில் உறுதி சொல்வது வழக்கம். செங்கோடனுடைய பணியை நான் தொடர முடியுமா? எனக்குத் தண்ணீர் வரையத் தெரியாது. பாறைக்கு எந்தச் சாம்பல், மரத்துக்கு எந்தச் சாம்பல் என்று தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று இந்த இடத்தில் நின்று சொல்ல மாட்டேன். சுமக்கத் தெரியும். அடுத்த சம்பள ஞாயிறு அந்தத் திரை என் தோளில் உங்கள் லயன் வாசலுக்கு வரும். வைகாசியில் சேர்வராயன் கோயிலுக்கும் வரும். கூடாரத்தைத் தாண்டிப் போகிறவர் யாராக இருந்தாலும், வாயைத் திறந்து கூப்பிடுவேன். எனக்கு வாய் இருக்கிறது. செங்கோடா, இதை உனக்குச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்.

தலைவர் அவர்களே, படத்தைத் திறந்துவைக்க உங்களைத்தான் நோட்டீஸில் போட்டிருக்கிறோம். அந்த மரியாதையை அத்தாயி அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கும்படி உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கதவோரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் எழுந்து வழிவிடுங்கள். பெரியண்ணன், கையைப் பிடிக்க வேண்டாம், அவரே வரட்டும். அம்மா, வாருங்கள், துணியை நீங்களே எடுங்கள்.

காளியப்பன் ஐயா, கையில் இருக்கிற அந்த மாலையைக் கீழே வைத்துவிடுங்கள். படத்தில் இருக்கிறவர்களில் ஒருவர் நடந்து வந்துகொண்டிருக்கிறார்.